தறிச் சத்தத்தில் மங்கிய காதுக்கு எந்த மிஷின்?

கேள்வி: வயது 51. 28 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன். பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை. ராத்திரியில் காதுக்குள் ‘கொய்ங்’ என்கிறது. கடையில் 3,000 ரூபாய்க்குக் காது மிஷின் இருக்கிறதாம், வாங்கலாமா? (பள்ளிபாளையம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

தறிக்காரர்கள் பலரும் என்னிடம் இதையேதான் சொல்வார்கள், “கேக்குது, புரியல”. தறிச் சத்தம் முதலில் கெடுப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளைப் பிடிக்கும் உள்காதுச் செல்களைத்தான். செத்த செல் திரும்ப முளைக்காது, மாத்திரையும் இல்லை. ஆ, ஓ, ஊ எல்லாம் தப்பித்துவிடும், ச, த, க மாதிரி எழுத்துகள் நழுவிவிடும். வீட்டில் ‘சட்டி’ என்றால் உங்களுக்கு ‘அட்டி’ என்று விழும், அவர்கள் கத்தினாலும் அந்த ‘அ’தான் பெரிதாகும், ‘ச’ வராது. மலிவு மிஷினும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும், தட்டு விழுகிற சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கும். நாலு நாளில் பீரோவுக்குப் போய்விடும்.

முதலில் காது மருத்துவரிடம் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆடியோகிராம் எடுங்கள், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் படம் அது. தறியை விட்டு 16 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதனால் லீவுக்கு மறுநாள் காலையில், வேலைக்குப் போகும் முன் போவது நல்லது. ஈஎஸ்ஐ கார்டு இருந்தால் முதலில் அங்கே போங்கள். சத்தத்தால் வரும் செவிக்குறைவு தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்வது மாதிரியே படமும் வந்தால், காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயரில் ஓட்டை விட்ட சிறு ரப்பர் முனை காதுக்குள் போகிற வகை பொருந்தும். அது கீச்சொலியை மட்டும் கூட்டும், நல்லாக் கேட்கிற மற்றதை அடைக்காது. வெளியே தெரியக் கூடாது என்று காதுக்குள்ளேயே பதுங்குகிற குட்டி மிஷினைக் கேட்பவர்கள் உண்டு, கூச்சம் புரிகிறது, ஆனால் அது காதை அடைத்துவிடும், சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவது மாதிரி இருக்கும். இரண்டு காதுக்கும் போடுங்கள். பணம் கட்டும் முன் ஒரு வாரமாவது போட்டுப் பாருங்கள், டீக்கடை இரைச்சலில் பேச்சு பிடிபடுகிறதா என்று. போட்டிருக்கும்போது அந்த ‘கொய்ங்’கும் பலருக்கு அடங்கிப் போகிறது.

அப்புறம், தறி ஓடும்போது மிஷினைக் கழற்றிவிடுங்கள். சத்தத்தைத் தடுக்கக் காதில் கழிவுப் பஞ்சை உருட்டி வைப்பது போதாது. நுரையால் ஆன காது அடைப்பானை விரலில் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது உப்பும் வரை விரலை எடுக்காதீர்கள்.