மூடிய அறை விசாரணை: உத்தரவு நகலை மறுக்கலாமா?

கேள்வி: என் தம்பியை என் தாயார் தனியார் மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்த்து ஆறு வாரங்கள் ஆகின்றன. தன்னை வீட்டுக்கு அனுப்பக் கோரி அவன் மனநல மறுஆய்வு வாரியத்தில் மனு கொடுத்தான். விசாரணை முடிந்து பதினெட்டு நாட்களாகியும் உத்தரவு வரவில்லை. உத்தரவு நகல், வாரிய உறுப்பினர்களின் பெயர்கள், சென்ற ஆண்டு வந்த மனுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டு நான் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். "விசாரணை மூடிய அறையில் நடைபெறுவதால் தகவல் வழங்க இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இது சரியா?

பதில்: சரியல்ல. நீங்கள் கேட்டவை இரண்டு வெவ்வேறு வகைத் தகவல்கள். இரண்டுக்கும் வழி வேறு.

முதலில் உத்தரவு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 80(5) பிரிவு, வாரிய விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்கிறது. ஒருவருடைய நோயும் குடும்பச் சச்சரவும் பேசப்படும் இடத்தில் ஊராருக்கு வேலையில்லை என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அதற்கு உரியவர் உங்கள் தம்பி. அவரும் வாரியத் தலைவரும் அனுமதித்தால் நீங்களே உள்ளே அமரலாம் என்று 80(9) சொல்லும்போது, அவருக்கே முடிவைத் தராமலிருக்க அதைக் காரணம் காட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. விசாரணை முடிந்த ஐந்து நாட்களுக்குள் முடிவை எழுத்து மூலம் தரப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 80(13).

ஆனால் நீங்கள் தரப்பினர் அல்லர். உங்கள் பெயரில் கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுக்க இடமுண்டு. ஆகவே தம்பியே கையெழுத்திட்ட கடிதத்தை வாரியத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆதரவுடன் கூடிய சேர்க்கை, அதாவது நோயாளிக்கு முடிவெடுக்கப் பெரும் உதவி தேவைப்படும்போது அவர் சார்பில் இன்னொருவர் விண்ணப்பித்துச் சேர்ப்பது, முப்பது நாட்களைத் தாண்டினால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி வாரியத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எப்போது தரப்பட்டது என்றும் அதில் கேட்கட்டும். மருத்துவமனை தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கவும் நகல் பெறவும் 80(12) உரிமை தருகிறது. நான் ஆஜரான ஒரு விசாரணையில், நோயாளி தன் கோப்பை முதன்முறையாகக் கையில் வாங்கி, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்; செவிலியரைத் தாக்கியதாக எழுதியிருந்த தேதியில் தான் வேறு வார்டில் இருந்ததை அவரே சுட்டிக்காட்டினார். வழக்கறிஞரான என் கண்ணில் அது படவில்லை.

இதில் தாமதம் ஆபத்தானது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 83-ஆம் பிரிவு தரும் முப்பது நாட்கள், முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து ஓடுகின்றன. போதிய காரணம் இருந்தால் நீதிமன்றம் தாமதத்தை ஏற்கலாம். அப்போது அந்தத் தபால் ரசீது பேசும்.

இனி உறுப்பினர்களும் எண்ணிக்கையும். வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் தலைவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர், நோயாளிகள் அல்லது பராமரிப்பாளர்கள் தரப்பில் இருவர் இருக்க வேண்டும் என்று 74-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த இருக்கைகள் நிரப்பப்பட்டனவா என்று அறிவதில் எந்த நோயாளியின் அந்தரங்கமும் இல்லை. வாரியங்களின் அமைப்பு பற்றிய விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி). மறைக்க வேண்டிய பகுதி ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது 10-ஆம் பிரிவு.

மறுப்புக் கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள், 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் உத்தரவு நகலை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு 19(5)-இன்படி பொதுத் தகவல் அலுவலருடையது. அங்கும் மறுத்தால் தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.

வாரிய மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி தம்பிக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையும் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நாளையே நேரில் சென்று, மேல்முறையீட்டு நாள் நெருங்குவதை முதல் வரியிலேயே எழுதிக் கொடுங்கள்.