தோழர் எங்கே போனார்? – வாசகர் கேள்வி பதில்

(சென்னைத் தொழிலாளர் இயக்கத்துக்காக நாங்கள் சிலர் இணையத்தில் நடத்திவரும் கலைக்களஞ்சியத்தைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்பதால், அங்கே தொகுப்பு விதிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பத்தியை நிரப்பிவிட்டன. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.)

கே: என் அப்பாவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். பெயருக்கு முன்னால் இருந்த ‘தோழர்’ என்ற சொல்லை வெட்டிவிட்டீர்கள். தொழிலாளர் இயக்கத்துக்கென்றே நடக்கும் இடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இடமில்லையா? – ஒரு வாசகர், வியாசர்பாடி

ப: வெட்டியவன் நான்தான். உங்கள் அப்பாவை ஓட்டேரி டீக்கடையில் எத்தனையோ தடவை ‘வாங்க தோழர்’ என்று கூப்பிட்டிருக்கிறேன். அதனால் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

ஆனால் ஒருவருக்குத் ‘தோழர்’ போட்டால், அடுத்த பக்கத்தில் இருப்பவருக்கு ‘புரட்சி’ என்று தொடங்கும் பட்டம் ஒன்றைக் கேட்டு வருவார்கள். நம் ஊரில் பட்டத்துக்கா பஞ்சம்? அப்புறம் பட்டமே இல்லாமல் உழைத்துவிட்டுப் போன ஆள், மொட்டையாக நிற்பார். எனவே விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: கட்டுரையில் வெறும் பெயர். இறந்த செய்திக்கு ‘இறந்தார்’. ‘விண்ணுலகு எய்தினார்’ வேண்டாம். துண்டறிக்கையில் அச்சாகியிருப்பதை மேற்கோளாகக் காட்டும்போது மட்டும் அதில் உள்ளபடியே போடலாம். நீங்கள் அனுப்பிய இரங்கல் நோட்டீசில் ‘தோழர்’ பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைச் சேர்த்திருக்கிறேன், பாருங்கள்.

கே: ஒரு பக்கம் சாய்ந்து நின்றுகொண்டு கலைக்களஞ்சியம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா? வெளிநாட்டில் இப்படி உண்டா? – கல்லூரி மாணவி, ராயப்பேட்டை

ப: உண்டு. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஷ்லாஃப்லி என்ற வழக்கறிஞர் 2006-ல் ‘கன்சர்வபீடியா’வைத் தொடங்கினார். விக்கிப்பீடியா இடதுசாரிகள் பக்கம் சாய்கிறது என்பது அவர் புகார். அங்கே விதிகளுக்குக் ‘கட்டளைகள்’ என்றே பெயர். ஆண்டுக் கணக்கில் கிறிஸ்துவின் பெயர் விளங்க வேண்டும், ‘பொது ஆண்டு’ என்று போடக் கூடாது என்றுகூட ஒரு கட்டளை உண்டு. அதே பட்டியலில், சொந்தக் கருத்தைக் கட்டுரையில் எழுதாதே, எழுதியதற்குச் சான்று காட்டு என்பவையும் இருக்கின்றன. அங்கே ஒத்துப்போகாதவர்களில் சிலர் 2007-ல் தனியாக ‘ரேஷனல்விக்கி’ கண்டார்கள்.

அவர்கள் அரசியலுக்கும் எனக்கும் எட்டாப் பொருத்தம். ஆனால் ஒரு கட்டளையைக் கடன் வாங்க ஆசை: நூற்றில் தொண்ணூறு பங்கு, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்திலும் பத்துப் பங்கு மட்டும் கட்டுரையிலும் எழுதுகிறவரைத் தடை செய்யலாம். எங்களிடம் இரண்டு பேர் ‘வேலைநிறுத்தமா, வேலை நிறுத்தமா’ என்று பேச்சுப் பக்கத்தில் மூன்று மாதமாகச் சண்டை போடுகிறார்கள். கட்டுரையில் ஒரு வரி ஏறவில்லை.

சாய்வைப் பற்றிக் கேட்டீர்கள். எதை எழுதுவது என்பதில் எங்களுக்குச் சாய்வு உண்டு. ஆலை முதலாளியின் குதிரைப் பந்தயத்துக்குத் தனிப் பக்கம் கிடையாது, சங்கத்தின் சந்தா ரசீதுக்கு உண்டு. எடுத்துக்கொண்ட விஷயத்தில் நடந்ததை மறைக்க மட்டும் அனுமதி இல்லை.

கே: 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தக் கட்டுரையில் சாதிச் சண்டையை ஏன் இவ்வளவு நீளமாகப் போட்டிருக்கிறீர்கள்? எதிராளிக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பதா? – ஒரு வாசகர், பெரம்பூர்

ப: இந்தக் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

தெரியாதவர்களுக்காக: 1918 ஏப்ரல் 27-ல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது. மூன்றே வருஷத்தில், 1921-ல், பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டது. நீதிக்கட்சித் தலைவர்களுக்கும் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவுக்கும் இடையே விழுந்த விரிசலுக்கும் இது ஒரு காரணம்.

இதில் சாதியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? நிர்வாகம் கெட்டது, தொழிலாளி நல்லவன், போலீஸ் சுட்டது. மேடையில் பேச அது போதும். ஆனால் ஒன்றாகச் சங்கம் கட்டியவர்கள் ஏன் இரண்டாக உடைந்தார்கள் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் நம் பக்கத்தில் பதில் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா அந்த ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர், வெளியே நின்றவர்களில் ஒருவர். ‘குடிசை தானா பத்திக்கிச்சுடா’ என்று ஆயா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். தானாகப் பற்றவில்லை என்பது நாற்பது வயதுக்கு மேல் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அதனாலேயே அந்தக் கட்டுரையில் நான் கை வைப்பதில்லை. உறவோ, பதவியோ, வழக்கோ சம்பந்தப்பட்ட பக்கத்தை நேரடியாகத் தொகுக்கக் கூடாது என்பது எங்கள் விதி. எனக்குத் தெரிந்ததைப் பேச்சுப் பக்கத்தில் வைக்கிறேன், வேறொருவர் சரிபார்த்து ஏற்றுகிறார். ஆயா சொன்னது இன்னும் ஏறவில்லை. சான்று இல்லை என்று ஒரு கல்லூரிப் பையன் மறுத்துவிட்டான். சரிதான்.

இறந்தவர் எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. அந்த மாதிரி இடத்தில், நமக்குப் பிடித்த எண்ணைப் பொறுக்கி எடுக்காமல், அரசு அறிக்கை சொல்வது இது, சங்கத்தார் சொல்வது இது என்று யார் சொன்னது என்பதோடு எழுத வேண்டும். திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருப்பதானாலும் அப்படித்தான். அவர் சங்கத்துக்காரர். அவர் சொல் சாட்சியம், தீர்ப்பு இல்லை.

கே: சாதிப் பெயர்களை எல்லாம் நீக்கிவிடலாமே? – ஓர் ஆசிரியர், அயனாவரம்

ப: 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடே சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. கட்டுரைத் தலைப்பில் நாங்களும் போடுவதில்லை, ‘ம. சிங்காரவேலர்’ என்றுதான் இருக்கும். ஆனால் பழைய ஆவணத்தில் ‘செட்டியார்’ என்று இருந்தால், மேற்கோளில் அதைத் திருத்துவது திருட்டுத்தனம். தேடுகிறவருக்கும் வழி தெரியாமல் போகும். ஒரு நண்பர் பட்டங்களை ஒட்டுமொத்தமாக வழித்துவிட்டார். விளைவு, 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணியைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியாரும், 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் ஒரு வாரம் ஒரே ஆளாக இருந்தார்கள். பாவம், இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

மே தினக் கொடிக்கு மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்ற கதையையும் கேட்பீர்கள். எழுதலாம், ‘என்று சொல்லப்படுகிறது’ என்பதோடு, எங்கே சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்து.

கே: பழைய நோட்டீசுகளில் தமிழ் வருஷம்தான் இருக்கிறது. எப்படிப் போடுவது? – ஒரு வாசகி, கொளத்தூர்

ப: உள்ளபடி போட்டு, பக்கத்தில் ஆங்கில ஆண்டு. கணக்கில் கவனம் தேவை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். ‘துன்மதி வருஷம் ஆவணி’ என்றிருந்த ஒரு நோட்டீசை எங்கள் தம்பி ஒருவர் கைப்பேசியில் தேடி 1981 என்று ஏற்றிவிட்டார். அது 1921. தாளைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், பொடிப் பொடியாக உதிர்கிறது.

கே: நான் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டே இருக்கிறார். நானும் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். யார் ஜெயிப்போம்? – அதே ராயப்பேட்டை மாணவி

ப: இரண்டு பேரும் தோற்பீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பழையபடி மாற்றினால் தடை வரும். எங்கள் இடம் சின்னது, இரண்டு தடவையோடு நிறுத்தி வைத்திருக்கிறோம். பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள் அம்மா. போய் மூன்று மாதம் தங்கிவிட வேண்டாம்.

கே: கடற்கரை உழைப்பாளர் சிலை 1954-ல் வைத்தது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். சரியா? – ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ப: தப்பு. 1959. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. ஞாபகத்தை நம்பி எழுதினேன். அதே தப்பைக் கலைக்களஞ்சியத்திலும் ஏற்றியிருக்கிறேன், அங்கே ‘சான்று தேவை’ என்று குறி போட்டதும் நீங்கள்தான் என்று எழுத்து நடையிலேயே தெரிகிறது. ஆண்டை மாற்றிவிட்டேன். குறியை எடுக்கவில்லை. வியாழக்கிழமை கன்னிமாரா நூலகம் போகிறேன், சிலை வைத்த சமயத்துச் செய்தித்தாள் கிடைத்தால் குறியை எடுத்துவிடுகிறேன்.