"உன் காலைத் தள்ளாடவொட்டார்": விழுந்த பிறகு எப்படி வாசிப்பது?

கேள்வி: மகன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று 121-ஆம் சங்கீதத்தைச் சொல்லித்தான் அனுப்புவேன். போன மாதம் பைக் சறுக்கி விழுந்து அவனுக்குக் கால் முறிந்துவிட்டது. "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்ற வரி இப்போது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. என் ஜெபத்தில் குறையா? இனி அதை எப்படிச் சொல்வது?

பதில்: சகோதரி, உங்கள் ஜெபத்தில் குறை இல்லை. விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சங்கீதம் அப்படிச் சொல்லவே இல்லை.

எபிரெய மொழியில் மறுப்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'லோ' என்றால் நடக்காது என்று அடித்துச் சொல்வது. 'அல்' பெரும்பாலும் வேண்டுதலில் வரும். நடக்காதிருக்கட்டும் என்பது போல. உங்களைத் தடுக்கும் 3-ஆம் வசனத்தில் இருப்பது 'அல்'. அதை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் "உன் காலைத் தள்ளாட விடாதிருப்பாராக, உன்னைக் காக்கிறவர் உறங்காதிருப்பாராக" என்ற வாழ்த்தாக வாசிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் அடுத்த வசனத்தில் சொல் மாறிவிடுகிறது. "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்னும்போது இரண்டு இடத்திலும் 'லோ'. இங்கே அடித்துச் சொல்லப்படுவது அவர் விழித்திருக்கிறார் என்பதுதான்.

யார் யாருக்குச் சொல்கிறார் என்றும் பாருங்கள். முதல் இரண்டு வசனங்களில் "என் கண்கள்", "எனக்கு ஒத்தாசை". 3-ஆம் வசனத்திலிருந்து எல்லாம் "உன்". குரல் மாறுகிறது, கிளம்புகிறவரை யாரோ வாழ்த்தி அனுப்புகிறார்கள். வாசலில் நீங்கள் செய்துகொண்டிருந்ததும் அதுவேதான். (நம் தமிழ் வேதாகமத்தில் முதல் வசனம் மலைகளிலிருந்தே ஒத்தாசை வருவதுபோல் ஒலிக்கும். எபிரெயத்தில் அது கேள்வி: எனக்கு ஒத்தாசை எங்கிருந்து வரும்?)

120 முதல் 134 வரையுள்ள 15 ஆரோகண சங்கீதங்களில் இதுவும் ஒன்று. பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப் போனவர்கள் பாடியவை என்பது பலரின் கருத்து. அப்படி ஏறும் வழிகளில் ஒன்று எரிகோ பட்டணத்திலிருந்து. எரிகோ கடல்மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே, எருசலேம் சுமார் 750 மீட்டர் மேலே. நிழலில்லாத பாறை வழியில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம்! கால் வழுக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும் என்று தெரிந்த ஜனங்கள்தான் இதைப் பாடினார்கள். ஆபத்தே இல்லாத பாதைக்கு இப்படி ஒரு வாழ்த்து தேவைப்பட்டிருக்காது.

வழுக்கிய பிறகு சொல்லவும் சங்கீதங்களில் ஒரு வரி இருக்கிறது. 94:18: "என் கால் சறுக்குகிறது என்று நான் சொல்லும்போது, கர்த்தாவே, உமது கிருபை என்னைத் தாங்குகிறது." தமிழில் இங்கே சறுக்குதல், அங்கே தள்ளாடுதல். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் 'மோத்' என்ற ஒரே வேர்ச்சொல், அதே கால். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துத்தான் நான் வாசிப்பேன்.

இப்போதைக்கு, கட்டுப்போட்ட காலோடு மகன் படுத்திருக்கும் அறையில் 94:18-ஐச் சொல்லுங்கள். இரவில் வலியால் அவன் தூங்காமல் புரண்டால் 121:4. 'ஷாமர்', காப்பது என்ற சொல், 121-இன் எட்டு வசனங்களுக்குள் ஆறு முறை வருகிறது. 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கும் ஜாமக்காரரைக் குறிப்பதும் இதே சொல்தான். ராத்திரி முழுக்கக் கண் மூடாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படியென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், அவன் ஊன்றுகோலோடு முதல்முறை வாசல்படி இறங்கும் நாளில் 8-ஆம் வசனம்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." யூதர்கள் பலர் வாசல் நிலைக்காலில் பொருத்திய மெசூசாவை (வேத வசனங்கள் எழுதிய சுருள் உள்ள சிறு பேழை) தொட்டு, இந்த வசனத்தைத் தழுவிய ஜெபத்தைச் சொல்லிவிட்டு வெளியே போவார்கள். அன்றைக்கும் 3-ஆம் வசனம் வாயில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். 8-ஆம் வசனம் மட்டும் போதும்.