கடலில் கரைந்துள்ள உப்பை வைத்துக் கடலின் வயதைக் கணக்கிட முடியுமா?

முடியும் என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். யோசனையை 1715-இலேயே எட்மண்ட் ஹாலி முன்வைத்தார். வால்மீனால் பெயர் பெற்ற அதே ஹாலி. மழைநீர் பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, ஆறுகள் அந்த உப்பைக் கடலில் சேர்க்கின்றன. நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். ஆக, உப்பின் ஒரு கூறான சோடியம் கடலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறதோ அதை, ஆண்டுதோறும் ஆறுகள் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தால் வயது வந்துவிட வேண்டும். 1899-இல் டப்ளினில் ஜான் ஜோலி என்ற அறிவியலாளர் வகுத்தும் பார்த்தார். விடை: 8 முதல் 9 கோடி ஆண்டுகள்.

கணக்கு அழகானதுதான். ஆனால் கடைக் கல்லாவில் இருக்கும் பணத்தை ஒருநாள் வசூலால் வகுத்து, கடை திறந்து இத்தனை நாள் என்று சொல்வது போன்றது இது. செலவு என்று ஒன்று இருக்கிறதே!

கடலுக்கும் செலவு உண்டு. அலைத் துளிகளோடு உப்பு காற்றில் ஏறி நிலத்துக்குத் திரும்புகிறது. களிமண்ணிலும் கடலடிப் பாறைகளிலும் சோடியம் சிக்கிக்கொள்கிறது. கடல் வற்றும் இடங்களில் உப்புப் படுகையாகிறது. மத்திய தரைக்கடலின் அடியில் சில இடங்களில் அந்தப் படுகை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். இதே வகுத்தலை அலுமினியத்துக்குச் செய்தால் கடலின் வயது சில நூறு ஆண்டுகள்தான் வரும்!

கடலடியில் உறைந்த எரிமலைக் குழம்புப் பாறைகள் கிரீன்லாந்தில் கிடைத்துள்ளன. அவற்றுக்கு வயது சுமார் 370 கோடி ஆண்டுகள். அதாவது, அப்போதே கடல் இருந்திருக்கிறது.

"உப்புக் கணக்குப்படி கடல் இளையது" என்று இன்றும் சிலர் வாதிடுவதுண்டு. அந்த எண் உண்மையில் காட்டுவது, சோடியம் கடலில் சராசரியாக எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை மட்டுமே.