எல்லா அமைதியும் ‘டிராங்க்வில்’ ஆகுமா?

கேள்வி: ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட விளம்பரத் தாளில் ‘டிராங்க்வில்’ என்ற சொல்லை மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். காபித் தோட்டத்தின் நடுவே எங்கள் இல்லம் டிராங்க்விலாக இருக்கும். எங்கள் பணியாளர்கள் டிராங்க்விலானவர்கள். இரவு பத்து மணிக்கு மேல் விருந்தினர்கள் டிராங்க்விலாக இருக்க வேண்டும். தங்க வந்த ஒருவர் முதல் வரியைப் பாராட்டிவிட்டு, மற்ற இரண்டையும் படித்துச் சிரித்துவிட்டார். அகராதியில் ‘அமைதியான’ என்றுதானே இருக்கிறது? பிழை எங்கே?

பதில்: அகராதியில் பிழை இல்லை, உங்கள் இலக்கணத்திலும் பிழை இல்லை. ‘அமைதி’ என்ற நம்முடைய ஒரு சொல் சுமக்கும் வேலைகளை ஆங்கிலம் ஐந்தாறு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது என்பதும், அவற்றுள் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருள் புரிந்தாலும் காதுக்கு உறுத்தும் என்பதும்தான் சிக்கல். வகுப்பில் ஆசிரியர் ‘அமைதி!’ என்று அதட்டுகிறார். இரு நாடுகள் அமைதி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. குளம் அமைதியாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை அமைதியான பையன் என்கிறோம். தமிழில் நான்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது ‘சைலன்ஸ்’, இரண்டாவது ‘பீஸ்’, நான்காவது ‘கொயட்’. மூன்றாவது ஒன்றுதான் ‘டிராங்க்வில்’ என்ற சொல்லுக்கு இயல்பாகப் பொருந்தும் இடம்.

பொதுவாக இந்தச் சொல் ஓர் இடத்தையோ, ஒரு பொழுதையோ, ஒருவர் வாழும் வாழ்க்கையையோ, அவருடைய மனநிலையையோ குறித்து வரும். ஒலி இல்லாமை என்பது இதன் பொருள் அன்று. உங்கள் தோட்டத்தில் சில்வண்டு இரையலாம், மிளகுக் கொடி படர்ந்த மரங்களில் குருவிகள் கத்தலாம், ஓடு வழியாக மழைநீர் சொட்டலாம். அப்போதும் அந்த இடம் டிராங்க்விலாகவே இருக்கும். மாறாக, தேர்வு முடிவுக்காக நாற்பது பேர் மூச்சடக்கிக் காத்திருக்கும் கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் அதை எவரும் டிராங்க்வில் என்று சொல்ல மாட்டார்கள். கலக்கமோ பரபரப்போ இன்றித் தானாகப் படிந்து நிலைத்திருக்கும் அமைதிக்கே அந்தப் பெயர். ஏற்காடு ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: பனி விலகாத காலை ஆறு மணிக்கு அது டிராங்க்வில், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மிதிபடகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்போது, அதே ஏரிக்கு அதே சொல்லை எழுதினால் அது விளம்பரம் மட்டுமே.

உங்கள் மூன்றாவது வரி சறுக்கியதற்கும் இதுவே காரணம். தானாகப் படிவதை எவரும் ஆணையிட்டு வரவழைக்க முடியாது. பிறரைச் செய்யச் சொல்லக்கூடிய அமைதிக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு: ஒலியைக் குறைக்கச் சொல்வதென்றால் ‘கொயட்’, பதற்றத்தைக் குறைக்கச் சொல்வதென்றால் ‘காம்’. ‘பீ கொயட்’ என்றும் ‘காம் டவுன்’ என்றும் சொல்லலாம். ‘பீ டிராங்க்வில்’ என்று விருந்தினரிடம் சொன்னால், பத்து மணி அடித்ததும் அனைவரும் தியானத்தில் ஆழ்ந்துவிட வேண்டும் என்று விதித்ததுபோல் ஒலிக்கும். எதை எழுதுவது என்று தடுமாறும்போது, இதை ஒருவரிடம் ‘செய்’ என்று கேட்க முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். முடியும் என்றால் அது டிராங்க்வில் அன்று.

‘காம்’ என்பது கொந்தளிப்பை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருக்கும் சொல். புயலுக்கு முன்னும் பின்னும் வருவது அதுதான். காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் சுழியம் என்ற நிலைக்குப் பெயரே ‘காம்’. புகை நெட்டாக மேலே எழும் என்பது அதன் அடையாளம்.

இரண்டாவது வரிக்கு வருவோம். மனிதரை டிராங்க்வில் என்று சொல்லவே கூடாது என்பதில்லை. வயது முதிர்ந்த ஒருவரின் மனத்தையும் இறுதிக் காலத்தையும் அவ்வாறு வருணிப்பதுண்டு. ஆனால் சமைத்துப் பரிமாறி, அறையைத் துப்புரவு செய்யும் பணியாளர்களுக்கு அந்தச் சொல் வரும்போது ஆங்கிலம் படித்தவர் மனத்தில் ‘டிராங்க்விலைசர்’ எட்டிப் பார்க்கிறது. 1955இல் அமெரிக்காவில் ‘மில்டவுன்’ என்ற மாத்திரை விற்பனைக்கு வந்து பரவியதிலிருந்து, மனப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளுக்கு அந்தப் பெயர் வீட்டுப் பேச்சிலும் புகுந்துவிட்டது. 2023 ஜூன் மாதம் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் யானையைப் பிடித்தபோது நம் செய்திகளில் ‘மயக்க ஊசி’ என்று வந்ததற்கும் ஆங்கிலச் சொல் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். விருந்தினர் ஏன் சிரித்தார் என்பது இப்போது விளங்கியிருக்கும்: உங்கள் சமையற்காரருக்கும் யாரோ ஊசி போட்டுவிட்டார்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

டிராங்க்விலுக்கு மிக அருகில் நிற்பது ‘சிரீன்’. இரண்டையும் மாற்றி எழுதினால் பெரும்பாலும் குற்றமில்லை. ஆயினும் ‘சிரீன்’ என்பதன் லத்தீன் மூலம் மேகமற்ற தெளிந்த வானத்தைக் குறித்தது; அந்தத் தெளிவும் சற்றே உயர்ந்து நிற்கும் சாயலும் இன்றும் அதில் உண்டு. அதனால்தான் அனுராதபுரத்துச் சமாதி புத்தரின் முகத்துக்கு ‘சிரீன்’ பொருந்துகிறது. அந்தச் சிலையைச் சுற்றியுள்ள மரநிழலுக்கு ‘டிராங்க்வில்’ பொருந்துகிறது. ‘பிளாசிட்’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. அழாத குழந்தைக்கும் அசைபோடும் பசுவுக்கும் ஏற்றது. விளம்பரத்தில் அதைத் தொடாதீர்கள், மந்தம் என்ற நிழல் அதில் விழும்.

சிரீனும் டிராங்க்விலும் நிலவிலும் பக்கத்துப் பக்கத்தில் உண்டு. 1651இல் ரிச்சோலி என்ற இத்தாலிய வானியலாளர் வெளியிட்ட நிலவுப் படத்தில், கருந்திட்டுகளைக் கடல்கள் என்று கொண்டு, மழை, மேகம் என வானிலையை நினைவூட்டும் பெயர்களைப் பலவற்றுக்குச் சூட்டினார். சிரினிட்டியும் டிராங்க்விலிட்டியும் அங்கே அடுத்தடுத்த கடல்களாக உள்ளன. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 இறங்கியது டிராங்க்விலிட்டி கடலில். தமிழில் அதை ‘அமைதிக் கடல்’ என்கிறோம். நான்கு நாள் கழித்து அந்த விண்வெளி வீரர்கள் திரும்பிய கலம் விழுந்தது பசிபிக் கடலில். அதற்கும் தமிழில் ‘அமைதிப் பெருங்கடல்’ என்றே பெயர். ஓர் அமைதியில் இறங்கி இன்னோர் அமைதியில் வந்து விழுந்தார்கள் என்று தமிழில் எழுத முடியும். அழகுதான், ஆனால் மொழிபெயர்ப்பவருக்குத் தலைவலி.

எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒரு சொல். ‘டிராங்க்வில்’ என்பதன் இறுதியில் ‘எல்’ ஒன்றே வரும். ‘டிராங்க்விலிட்டி’ என்று பெயர்ச்சொல்லாக்கும்போது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘எல்’ இரட்டிக்கும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்துவார்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முகப்புரையிலும் ஒற்றை ‘எல்’தான். அங்கே அச்சொல் ஏரிக்கரை அமைதியைக் குறிக்கவில்லை. அப்போதுதான் மாசசூசெட்ஸில் கடன்பட்ட உழவர்கள் நடத்திய கிளர்ச்சி அடங்கியிருந்தது, ஆகவே உள்நாட்டில் கலகமற்ற நிலை என்பதே பொருள். பெயர்ச்சொல் இப்படிப் பொது ஒழுங்கையும் குறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நம் நாட்டில் பிரிட்டிஷ் வழக்கமே நிலைத்திருப்பதால் நீங்கள் இரட்டை ‘எல்’ எழுதுவது நல்லது.

திரும்பத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘அமைதியான’ என்பதோடு நின்றுவிடத் தேவையில்லை. நீருக்குச் ‘சலனமற்ற’, ஊருக்கு ‘அமைதி தவழும்’, மனத்துக்குச் ‘சாந்தமான’ என்று இடம் பார்த்து எழுதலாம். ‘நிம்மதி’ வேறு, கவலை இருந்து நீங்கினால்தான் நிம்மதி. ஒரு வியப்பு என்னவென்றால், ‘அமைதி’ என்பதன் வேரான ‘அமை’ ஒலியடங்குவதைக் காட்டிலும் பொருந்திப் படிவதையே முதன்மையாகக் குறிக்கிறது. பிழையான தொடரையும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வதை இலக்கணத்தில் ‘வழுவமைதி’ என்கிறோமே, அங்கே மௌனத்துக்கு என்ன வேலை? வேர்ப்பொருளில் பார்த்தால் நம் சொல் டிராங்க்விலுக்கு மிக நெருங்கியது. பள்ளிக்கூட அதட்டல்தான் அதைச் ‘சத்தம் போடாதே’ என்று ஆக்கிவிட்டது.

உங்கள் விளம்பரத் தாளில் முதல் வரியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர்களுக்கு ‘காம் அண்ட் கர்ட்டியஸ்’ என்று, பதறாமல் பணிவோடு கவனிப்பவர்கள் என்ற பொருள்பட எழுதுங்கள். இரவு நேர வேண்டுகோளை ‘பிளீஸ் கீப் நாய்ஸ் லோ ஆஃப்டர் டென்’ என்று முடித்துவிடுங்கள். அதில் அழகு குறைவுதான், ஆனால் மொட்டைமாடியில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுபவருக்கு அதுதான் புரியும்.