ஆர்.எஸ்.ஐ. சார்ட்டோடு ஒத்துப்போகவில்லையா?

கேள்வி: பைத்தானில் 14 நாள் ஆர்.எஸ்.ஐ. (சராசரி விலை ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண் தரும் குறியீடு; எண் குறைந்தால் பங்கு அதிகம் விழுந்திருக்கிறது என்று பொருள்) கணக்கிடுகிறேன். எனக்கு 63 வருகிறது, புரோக்கர் ஆப்பில் 57 காட்டுகிறது. டெலிகிராமில் ஒருவர் ‘துல்லியமான’ நிரலை 6,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய நிரலில் ஓரிரு சொற்களை மாற்றினால் போதும், அதற்கு எதற்கு ஆறாயிரம்?

பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பில் சராசரி எடுக்கும் இடத்தில் ‘ஸ்பான் 14’ என்று கொடுத்திருக்கிறீர்கள். பார்க்கச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அப்படிக் கொடுத்தால் இன்றைய விலை மாற்றத்துக்கு 15-ல் 2 பங்கு எடை போய்விடும். 1978-ல் இதை வெளியிட்ட வெல்ஸ் வைல்டர் வைத்தது 14-ல் 1 பங்குதான். அதாவது நேற்றைய சராசரி ஏற்றத்தை 13-ஆல் பெருக்கி, இன்றைய ஏற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். இறக்கத்துக்கும் அப்படியே. ஸ்பானை எடுத்துவிட்டு ‘ஆல்ஃபா 1/14’ என்று போடுங்கள் (ஆல்ஃபா என்பது இன்றைய மாற்றத்துக்கான எடை), கூடவே ‘அட்ஜஸ்ட் ஃபால்ஸ்’. அப்போதுதான் மேலே சொன்ன சூத்திரப்படியே கணக்கு ஓடும். அப்புறம் 30 நாள் விலையை வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். தொடக்க மதிப்பின் தாக்கம் கரைய நூறு நாளாவது ஆகும். 250 நாள் எடுத்துக்கொண்டால் கவலையில்லை.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: போனஸ் பங்கு, அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு. 2024 அக்டோபர் 28 அன்று ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பின் வர்த்தகமானது. முந்தைய வர்த்தக நாளில் 2,650 ரூபாய் அளவில் இருந்த பங்கு, பாதி விலைக்கு வந்தது. யாருக்கும் நஷ்டமில்லை, பங்கு எண்ணிக்கைதான் இரட்டிப்பானது. உங்கள் நிரலுக்கு அது தெரியுமா? சராசரி ஏற்றமும் இறக்கமும் பத்துப் பத்து ரூபாய் என்று வையுங்கள். ஒரே நாளில் 1,300 ரூபாய் ‘இறக்கம்’ நுழைந்தால் சராசரி இறக்கம் 102 ஆகும், ஆர்.எஸ்.ஐ. 50-லிருந்து 8-க்கு விழும். ‘அடிமட்டத்தில் கிடைக்கிறது, அள்ளுங்கள்’ என்று நிரல் கத்தும். எனவே போனஸ், பங்குப் பிரிப்பு தேதிக்கு முந்தைய விலைகளை எல்லாம் அதே விகிதத்தில் குறைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

பங்குச் சந்தை தினமும் தரும் பாவ்காப்பி என்ற விலைப்பட்டியல் கோப்பில் இந்தத் திருத்தம் இருக்காது. போனஸ் பட்டியல் வேறொரு பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் சேர்ப்பது உங்கள் தலையெழுத்து. போதாததற்கு 2024 ஜூலையில் கோப்பின் வடிவத்தையே மாற்றி, ஓடிக்கொண்டிருந்த நிரல்களை எல்லாம் படுக்கவைத்தார்கள்.

சரி, அந்த டெலிகிராம் ஆசாமி. இன்று நிரல் விற்பவர், அடுத்த மாதம் அதே குழுவில் ‘எதை வாங்கலாம்’ என்று சந்தா கேட்பார். அப்போது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர் என்றால் ஐ.என்.எச்., முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். எண்ணைச் சொன்னாலும் நம்பிவிடாமல் செபி தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். அடுத்தவர் எண்ணைத் தன் எண்ணாகச் சொல்லித் திரிகிறவர்களும் உண்டு.