ஸ்காஃபின் நடுவில் பூ வைக்கலாமா?

அன்புள்ள அக்கா,

நான் மருதமுனை. வாப்பாவுக்குக் கைத்தறி, எனக்கு நீர்வர்ணம். நம் கடற்கரை அடம்பன் கொடியை வைத்து 90 சென்ரிமீற்றர் சதுரத்தில் தலைக்குப் போடும் ஒரு ஸ்காஃப் செய்ய ஆசைப்பட்டேன். ஒரு பூவும் சில இலைகளும் வரைந்து, போனில் படம் எடுத்து, டெப்பில் (தொடுதிரைக் கணினியில்) ஒரு செயலியால் பின்னணியை நீக்கினேன். அதை 10 சென்ரிமீற்றர் கட்டமாக்கித் துணி முழுக்க நிரப்பினேன். நடுவில் மட்டும் பெரிய பூ ஒன்று. ஷிஃபோன் துணியில் அடித்து எடுத்துப் பார்த்தால் பூவெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினது போல இருக்கிறது. ஊதா மங்கிவிட்டது. உம்மா போட்டுப் பார்த்தபோது அந்த நடுப்பூ எங்கே போனதென்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் டெப்பிலேயே வரைந்திருக்க வேண்டுமா? கணினி தொட்டால் அது நீர்வர்ணமே இல்லை என்கிறார் எனக்குப் படிப்பித்த சேர். உயிருருவம் வேண்டாமென்று பறவைகளை விட்டுவிட்டேன். வெறும் இலையும் பூவும் அலுத்துவிடுமா?

வாசகி, மருதமுனை

அன்புள்ள தங்கச்சி,

நடுப்பூவிலிருந்தே தொடங்குகிறேன். நிறத்தையும் ஸ்டிக்கரையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இது பிடிபடாவிட்டால் எவ்வளவு அழகாக வரைந்தும் பயனில்லை.

சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து உம்மா தலையில் போடும்போது அந்த மடிப்புக்கோடுதான் நெற்றிக்கு மேலே முகத்தைச் சுற்றி வருகிறது. துணியின் நடுப்புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. நீங்கள் ஆசையாக வைத்த பெரிய பூ பாதியாக மடிந்து, ஒரு பாதி வெளியே உச்சந்தலையில், மறுபாதி உள்ளே. ஊர் பார்ப்பது வேறு இடங்களை: முகத்தை ஒட்டி வரும் கையகலப் பட்டை, முன்னால் தொங்கும் இரண்டு மூலைகள், முதுகில் விழும் மூன்றாவது மூலை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு நடு முக்கியம். ஸ்காஃபுக்கு மூலைகள்தான் முக்கியம்.

இது உங்கள் வீட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. வாப்பா சேலை நெய்தால் வேலைப்பாட்டை எங்கே வைப்பார்? தோளில் விழும் முந்தானையில். கொசுவத்துக்குள் செருகுகிற பகுதியை வெறுமையாகவே விடுவார். உடம்பில் எது தெரியும், எது மறையும் என்ற கணக்கு பாவு ஓட்டும்போதே அவர் மனதில் இருக்கிறது. நீங்களும் அதே கணக்கோடு உட்காருங்கள். 45 சென்ரிமீற்றர் கால் பகுதியை மட்டும் வரைந்து, டெப்பில் அதை 90 பாகை வீதம் சுழற்றி நான்காக்கினால், எந்த மூலையால் மடித்தாலும் ஒரே அழகு வரும். எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று உண்டு. மூலைவிட்டத்தின் ஒரு பக்கம் மணல் நிறத் தளம், மறுபக்கம் கடும் பச்சைத் தளம். எந்தப் பாதியை வெளியே விடுகிறோமோ அந்த ஸ்காஃப். ஒரு துணியில் இரண்டு கிடைக்கும்.

அடுத்தது, கட்டம். 10 சென்ரிமீற்றர் கட்டம் 90 சென்ரிமீற்றர் சதுரத்தில் 81 தடவை வரும். அதே இலை, அதே நீர்க்கறை, 81 தடவை. கண் முதலில் பிடிப்பது அந்தக் கறையைத்தான். அச்சில் கட்டமாக வந்தே ஆகவேண்டும் என்பது மீற்றர் கணக்கில் அடிக்கும் துணிக்கு. ஸ்காஃப் முழுதாக ஒரே படம். அதனால் இலைகளை நிறைய வரையுங்கள்: பெரிதும் சிறிதும், பூச்சி அரித்ததும், முற்றியதும். அடம்பன் இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பதால் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் புது உருவம் தரும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று பழமொழியே இருக்கிறதே, கொடியைத் திரள விடுங்கள். அலுத்துவிடுமா என்ற கேள்விக்கும் இதுதான் பதில். கொடியையும் இலையையும் பூவையும் மட்டும் கொண்டே பள்ளிவாசல் சுவர்களிலும் கம்பளங்களிலும் எவ்வளவு பெரிய அலங்கார மரபு வளர்ந்திருக்கிறது! பறவையை விட்டதால் எதுவும் குறைந்துவிடாது. வேண்டுமானால் வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு நீலத்தையும் தலைச் செங்கபிலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பறவை வராமலே அதன் நிறம் வரும்.

சரி, ஸ்டிக்கர் பிரச்சினை. தடித்த பருத்திக் கடதாசியில் (300 கிராம் என்று கேளுங்கள்) ஓர் இலையைத் தண்ணீர் நிறைய வைத்துத் தீட்டிவிட்டுக் காயும்வரை பாருங்கள். ஓரத்தில் ஈரம் முதலில் ஆவியாகிறது. அந்தக் குறையை நிரப்ப உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, போகிற போக்கில் நிறத்துகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. காய்ந்த பிறகு இலையைச் சுற்றி மயிரிழை போல ஒரு கரும்பச்சைக் கோடு நிற்கும், சில இடங்களில் தடித்து, சில இடங்களில் அறவே இல்லாமல். நீர்வர்ணத்தின் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. பின்னணியை நீக்கும் செயலி முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். வெட்டினால் ஸ்டிக்கர் ஆகாமல் என்ன ஆகும்?

வெட்டவே வேண்டாம். ஸ்கேன் செய்த படத்தில், வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் லெவல்ஸைக் கூட்டிக் கடதாசியைச் சுத்த வெள்ளையாக்குங்கள், ஓரக்கோடு மறையும் முன் நிறுத்திவிடுங்கள். பிறகு அந்த லேயரை (பட அடுக்கை) மல்டிப்ளையில், அதாவது அடியிலுள்ள நிறத்தோடு கலந்து இருட்டாக்கும் முறையில், வையுங்கள். மல்டிப்ளையில் வெள்ளை எதையும் மாற்றாது, ஆகவே கடதாசி மறைந்து வர்ணம் மட்டும் தளத்தில் ஊறினாற்போல உட்காரும். மணல் நிறத் தளத்துக்கு இது அருமையாக வரும். கடும் பச்சைத் தளத்தில் பூ இருண்டுவிடும். அங்கே மாத்திரம் படத்தின் வெளிர்மையைத் தலைகீழாக்கி மாஸ்க் (எது தெரியும், எது மறையும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) ஆக்கி, அடியில் வெள்ளை கொடுத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவை, செய்தால் பலன் தெரியும்.

போன் படம் வேண்டாம். வெளிச்சம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், லெவல்ஸில் அது சமமாக வராது. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 5 சென்ரிமீற்றர் இலை ஏறக்குறைய 1180 பிக்சல். துணிக்கு 150 டிபிஐ போதும் என்பதால் அதே இலையை 20 சென்ரிமீற்றர் வரை தைரியமாகப் பெருப்பிக்கலாம். முழுச் சதுரம் 5315 பிக்சல் வரும். பெருப்பித்த இலையில் கடதாசிக் குழிகளில் நிறம் தங்கிய புள்ளிகள்கூடத் தெரியும், அதை ஒரு மூலையில் வையுங்கள்.

ஊதா மங்கியதற்குக் காரணங்கள் உண்டு. டெப் ஒளியால் காட்டும் ஊதாவைச் சாயத்தால் எட்ட முடியாது. அதோடு ஷிஃபோன் ஒளியை ஊடுருவ விடும் துணி, நிறம் அதில் வெளிறித்தான் தெரியும். மடித்தால் அடியிலுள்ள வடிவமும் மேலே தெரிந்து கலங்கும். ஷிஃபோன்தான் வேண்டுமென்றால் வெற்றிடம் தாராளமாக விடுங்கள். பட்டுக்கு அசிட் சாயம், பருத்திக்கு ரியாக்டிவ், பொலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் என்று துணிக்குத் துணி சாயம் மாறும், அதோடு நிறமும் மாறும். ஆகவே உங்கள் ஊதாவைச் சற்றுச் சிவந்தது, சற்று நீலம், சற்றுக் கடுமையானது என்று சிறு கட்டங்களாக்கி, நீங்கள் அடிக்கப்போகும் அதே துணியில் ஒரு துண்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். திரையை நம்பி முழு ஸ்காஃப் அடிக்கவே கூடாது.

ஓரத்தில் நேர்க்கோட்டுக் கரை போடாதீர்கள். மெல்லிய துணி அச்சில் இம்மி நகர்ந்தாலும் நேர்க்கோடு காட்டிக்கொடுத்துவிடும். கொடியையே கரையாக ஓடவிட்டு, சுருட்டித் தைக்க வெளியே ஒரு சென்ரிமீற்றர் விடுங்கள்.

உங்கள் சேர் சொன்னதை நான் ஏற்கவில்லை. கையால் தீட்டியதைத் துணிக்குக் கொண்டுபோக எப்போதும் இடையில் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது, முன்பு மரஅச்சு, இப்போது கணினி. டெப்பின் நீர்வர்ணத் தூரிகையைப் பற்றிக் கேட்டீர்கள். அடுக்கிப் பார்க்க, நிறம் மாற்றிப் பார்க்க, கொடியின் தண்டை இழுக்க அது மிக நல்லது. தண்டை எத்தனையோ தடவை வளைத்துப் பார்க்கவேண்டி வரும், அதைக் கடதாசியில் செய்ய முடியாது. இலையையும் பூவையும் மட்டும் கடதாசிக்கு விடுங்கள். அல்ட்ராமரின் நீலத்தில் குயினக்ரிடோன் ரோஸ் என்ற இளஞ்சிவப்பு வர்ணம் கலந்தால் நீலம் குழிகளில் தங்கும், ரோஸ் பரவிப் போகும், ஊதா தானாகவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அடம்பன் பூவின் தொண்டைக்குள் இருக்கும் கடும் நிறத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பூ காலையில் விரிந்து வெயில் ஏற வாடிவிடும், சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நேரே கடற்கரைக்குப் போய்விடுங்கள்.

கல்முனையில் ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது இயந்திரத்தின் தானியங்கி நிறத்திருத்தத்தை நிறுத்திவிடச் சொல்ல மறக்காதீர்கள். அடிக்கக் கொடுக்குமுன் படத்தை எனக்கு அனுப்புங்கள். மடித்த நிலையில் ஒன்றும், விரித்த நிலையில் ஒன்றும்.

அன்புடன்,
அக்கா
மட்டக்களப்பு